நான்கு அங்குல விவகாரம்

2023 ஜூலை 13 அன்று தில்லியில் யமுனை 208.66 மீட்டரைத் தொட்டது. 1978 வெள்ளத்தின் உச்சத்தையும் ஆறு தாண்டிவிட்டது என்று தலைநகரம் பதறிக்கொண்டிருந்த அந்த வாரத்தில், ஆற்றுக்குக் கிழக்கே இருக்கும் ஒரு நான்கு மாடிக் குடியிருப்பில் வேறொரு தண்ணீர்ப் பிரச்சினை படியேறி வந்தது. முதல் மாடிக்காரர் இரண்டாம் மாடிக்கு வந்து தன் செல்போனை நீட்டினார். அவர் வீட்டுக் குளியலறையின் கூரைப் படம். கூரையில் ஓர் ஈரத் திட்டு. திட்டைச் சுற்றிப் பென்சில் கோடு, கோட்டின் ஓரத்தில் தேதி. அதற்கு வெளியே இன்னொரு கோடு, இன்னொரு தேதி. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கட்வால்காரர் அவர். நான்கு மாதமாக ஓதம் பரவுவதைக் கணக்கு வைத்திருந்தார்.

இரண்டாம் மாடித் தமிழ்க் குடும்பத்தால் மறுத்துப் பேச முடியவில்லை. ஜூன் மாதம் அதே குளியலறையில்தான் அம்மா வழுக்கி விழுந்திருந்தார். வயது 79. இடது மணிக்கட்டில் மயிரிழை விரிசல், ஆறு வாரம் மாவுக்கட்டு. இன்னும் ஒரு முறை விழுந்தால் இடுப்பெலும்பு என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆக, வீட்டைப் பழுது பார்ப்பது என்ற முடிவுக்கு இரண்டு காரணங்கள் இருந்தன. இரண்டும் குளியலறைக் காரணங்கள். ஆனால் பழுது பார்ப்பது என்று ஆரம்பித்தபின் எந்தக் குடும்பமும் குளியலறையோடு நிற்பதில்லை.

வீட்டின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அப்பா 1968-ல் மன்னார்குடிப் பக்கத்திலிருந்து மத்திய அரசு குமாஸ்தாவாக தில்லி வந்தவர். கரோல் பாகில் வாடகை அறைகள் மாறி மாறி இருந்துவிட்டு, தில்லி வளர்ச்சி ஆணையம் 1979-ல் கொண்டுவந்த பதிவுத் திட்டத்தில் பணம் கட்டினார். 1988-ல் சாவி கைக்கு வந்தது. மறுவருடம், இருந்த சேமிப்பையெல்லாம் போட்டுத் தரைக்கு மொசைக் பதித்தார். கறுப்பும் மஞ்சளும் கலந்த சலவைக்கல் சில்லு; கட்டம் கட்டமாகப் பிரிக்கக் கண்ணாடிப் பட்டை. அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டு, மெருகு மெஷினுக்குப் பக்கத்திலேயே ஒரு வாரம் நின்றாராம். சமையலறையில் கோட்டா கல்லால் மேடை. அதன் உயரத்துக்கு அம்மாவை நிற்க வைத்து அளவெடுத்தார். அம்மா நாலடி ஒன்பது அங்குலம். மேடை முப்பது அங்குலம்.

1998-ல் அந்த வீட்டுக்கு மருமகள் வந்தார். ஐந்தடி ஐந்து அங்குலம்.

பள்ளிக்கூட ஆசிரியை. காலையில் நான்கு டிபன் டப்பா கட்டிவிட்டுப் பள்ளிப் பேருந்தைப் பிடிக்கும் வேலை இருபத்தைந்து வருடம். முப்பது அங்குல மேடையில் சப்பாத்தி இட, கறிகாய் நறுக்க, பாத்திரம் துலக்கக் குனிந்து குனிந்து அவருக்கு இடுப்பு வலி நிரந்தரமாகிவிட்டது. பெல்ட் போட்டார், பிஸியோதெரபி போனார். மேடையை உயர்த்தலாம் என்று ஒரு நாள்கூடச் சொன்னதில்லை. மாமியார் கெடுபிடிக்காரர் என்பதால் அல்ல. அந்த வீட்டில் எதுவும் அவர் தேர்ந்தெடுத்ததில்லை. எதையும் மாற்றலாம் என்று அவருக்குத் தோன்றியதும் இல்லை. ஜன்னல் திரைகூட மாமனார் எமர்ஜென்சி காலத்தில் காதிக் கடையில் வாங்கிய துணியின் அச்சு அசல் வாரிசு.

எனவே 2023 செப்டம்பரில், பொது சேம நல நிதியிலிருந்து ஆறு லட்சம் எடுக்கப் போவதாகக் கணவர் சொன்னபோது, மருமகள் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினார். அதில் குளியலறை மூன்றாவது பக்கத்தில் வந்தது. முதல் பக்கத்தில் ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே உள்ள சுவரை எடுத்துவிடுவது. இரண்டாம் பக்கத்தில் தரை முழுக்கப் பெரிய வெள்ளை டைல்ஸ். பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் தினம் ஐந்தாறு படம் அனுப்பினான். எல்லாப் படத்திலும் திறந்த சமையலறை, சாம்பல் நிற சோபா, ஒரு தொட்டிச் செடி. மனிதர்கள் யாரும் இல்லை. தாளிக்கிற வாணலியும் இல்லை. மருமகள் தன் சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் போட்டார். மொத்தம் ஏழு.

கான்ட்ராக்டர் கோரக்பூர் பக்கத்துக்காரர். எதைக் கேட்டாலும் "ஹோ ஜாயேகா" என்றார். "ஆகிவிடும்" என்று மொழிபெயர்க்கலாம். யாரால், எப்போது என்ற தகவல் அந்த வினைச்சொல்லில் கிடையாது. ஆனாலும் தேதி ஒன்று சொன்னார்: நவம்பர் 12, தீபாவளி. சிராத்த பட்சத்தில் கடப்பாரை எடுக்க மாட்டேன் என்று சொல்லி, நவராத்திரி முதல் நாளான அக்டோபர் 15-ல் வேலையைத் தொடங்கினார். தில்லியில் வீடு பழுது பார்ப்பது உட்கார்ந்த இடத்தில் ஒரு பாரத தரிசனம். கொத்தனார் மால்தாவிலிருந்து, கல் பதிப்பவர் ராஜஸ்தானிலிருந்து, தச்சர் பிகாரிலிருந்து. பிளம்பர் ஒடிசாவின் கெந்திராபாரா மாவட்டம். நாட்டின் பெரிய நகரங்களில் எங்கே குழாய் ஒழுகினாலும் கெந்திராபாராக்காரர் ஒருவர் வந்து நிற்பார். அங்கே பட்டாமுண்டையில் பிளம்பிங் கற்றுத் தர அரசு நிறுவனமே நடக்கிறது.

நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கம் முதல் நாளே அடிபட்டது.

அதே காலனியில் ஓய்வு பெற்ற கட்டடப் பொறியாளர் ஒருவர் இருந்தார். கணவர் மரியாதைக்காக அவரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் சுவரைத் தட்டிப் பார்த்தார், உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சைக் கொத்தச் சொன்னார். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். "இந்தக் கட்டடத்தில் எங்காவது தூண் பார்த்தீர்களா?" என்று கேட்டார். இல்லை. மேலே இருக்கும் மாடியின் பாரத்தைத் தாங்குவது இந்தச் சுவர்களே. நாலரை அங்குலத் தடுப்புச் சுவராக இருந்தால் எடுக்கலாம், குளியலறைக்கும் கழிவறைக்கும் நடுவே இருப்பது அப்படிப்பட்டது. இது வேறு. தில்லி நான்காவது நில அதிர்வு மண்டலம் என்பதையும் போகிற போக்கில் நினைவூட்டிவிட்டுப் போனார்.

"பக்கத்து பிளாக்கில் மூன்று வீட்டில் எடுத்திருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை" என்றார் கான்ட்ராக்டர். உத்திரம் ஒன்று கொடுத்துவிட்டால் போதுமாம். மருமகள் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் மாடியில் இரண்டு சின்னக் குழந்தைகள் இருந்தன. சுவர் நின்றது.

குளியலறைத் தரையைத் திறந்த நாள்தான் பணம் எங்கே போகப் போகிறது என்று தெரிந்தது. இந்த மாதிரி வீடுகளில் குளியலறைத் தளம் மற்ற இடத்தைவிடத் தாழ்வாக இருக்கும். அந்தப் பள்ளத்தில் குழாயைப் போட்டு, உடைந்த செங்கல்லைக் கொட்டி மூடி, மேலே தரை போடுவார்கள். முப்பத்தைந்து வருடச் செங்கல் ஜல்லி சேறாக இருந்தது. நாற்றம் தாங்கவில்லை. தண்ணீர் வடியும் நஹானி ட்ராப்பின் கழுத்தில் இணைப்பு விட்டுப் போய், ஊற்றிய ஒவ்வொரு குவளையிலும் ஒரு பங்கு கீழே இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது. தளத்தின் அடியில் கம்பி துருவேறிக் காரையைத் தள்ளியிருந்தது. சுவருக்குள் ஓடிய இரும்புக் குழாயை பிளம்பர் அறுத்துக் காட்டினார். முக்கால் அங்குலக் குழாயில் பென்சில் நுழையும் அளவுக்கே துளை. மீதியெல்லாம் துரு. இத்தனை வருடம் மேல் தொட்டியில் தண்ணீர் இல்லை என்று காலனி காரியதரிசியோடு சண்டை போட்டது வீண்.

கம்பியைச் சுரண்டி, பூசி, புதுக் குழாய் போட்டு, நீர்க்காப்புப் பூச்சு இரண்டு கை பூச ஒன்றே கால் லட்சம் கூடுதல். அதோடு பழைய அலுமினிய ஒயரை மாற்றிச் செம்பு ஒயர் இழுப்பது, கீசருக்குக் கசிவு மின்சாரத்தைக் கண்டு துண்டிக்கும் சுவிட்ச். இவையெல்லாம் வேலை முடிந்தபின் யார் கண்ணுக்கும் படாத செலவுகள். விருந்தாளி வந்து "ஆஹா, என்ன அருமையான நஹானி ட்ராப்" என்று சொல்லப் போவதில்லை. கழிவறையும் குளியலறையும் கிடையாத அந்த ஒன்பது நாளும் அம்மா எதிர் வீட்டுக்குப் போனார். மற்றவர்களுக்குத் தன் வீட்டுச் சாவியைக் கொடுத்தவர், கூரையில் பென்சில் கோடு போட்ட கட்வால்காரர்.

பூச்சு காய்ந்ததும் இரண்டு நாள் தண்ணீர் கட்டி நிறுத்தினார்கள். கீழே அவர் நாற்காலி போட்டு அண்ணாந்து பார்த்தபடி இருந்தார். சொட்டவில்லை.

டைல்ஸ் பதித்த அன்று அம்மா ஒரு காரியம் செய்தார். சொரசொரப்பான சின்ன டைல்ஸ்; இணைப்பு அதிகம் என்பதால் காலுக்குப் பிடிப்பு அதிகம். அதை மருமகள்தான் தேடிப் பிடித்திருந்தார். எல்லோரும் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, அம்மா வாசலில் நின்று ஒரு குவளைத் தண்ணீரைத் தரையில் ஊற்றினார். முக்கால் பங்கு ஓடி வடிகாலுக்குப் போயிற்று. கால் பங்கு கதவோரமே தேங்கி நின்றது.

"வாட்டம் பத்தலை" என்றார் அம்மா.

மால்தா கொத்தனாருக்கு விளங்கவில்லை. தண்ணீர் ஓடத் தரையைச் சரித்துக் கொடுப்பதை ஊரில் கொத்தனார்கள் வாட்டம் என்பார்கள். இந்தியில் டலான். தில்லியில் ஐம்பது வருடத்துக்கு மேல் இருந்தும் அம்மாவுக்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை. கையைச் சாய்த்துக் காட்டினார். கொத்தனார் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். நான்கடிக்கு முக்கால் அங்குலமாவது இறங்க வேண்டிய இடத்தில் மட்டமாகவே கிடந்தது. தேங்கிய தண்ணீர்தான் பாசி, பாசிதான் வழுக்கல். இரண்டு வரிசை டைல்ஸைப் பெயர்த்து மறுபடி பதித்தார்கள். கான்ட்ராக்டர் அன்று முழுக்க அம்மாவை "மாதாஜி" என்பதற்குப் பதில் "இன்ஜினியர் சாஹப்" என்றார்.

கைப்பிடிக் கம்பிக்கும் அளவு புத்தகத்தில் தேடவில்லை. புதுக் கம்மோடில் மூடியைப் போட்டு அம்மாவை உட்கார வைத்து, எழுந்திருக்கச் சொல்லி, கை தானாக எங்கே போய்ச் சுவரைத் தேடுகிறதோ அங்கே பென்சிலால் குறித்தார் மருமகள். டைல்ஸில் ஒட்டினால் ஆளையும் சேர்த்துக்கொண்டு வரும் என்பதால் செங்கல்வரை துளைத்து போல்ட் போட்டார் பிளம்பர். மூன்று கம்பி வாங்கியதில் இரண்டுக்குத்தான் இடம் இருந்தது. ஒன்று பரணுக்குப் போயிற்று.

இனி தரை. நோட்டுப் புத்தகத்தின் இரண்டாம் பக்கம்.

மருமகள் ஆசைப்பட்டது நாலுக்கு இரண்டு அடி டைல்ஸ், வெள்ளையில் சாம்பல் ரேகை. கடையில் எட்டுத் திசையிலிருந்தும் விளக்கு போட்டு அதை நிலா மாதிரி காட்டினார்கள். மாதிரிக்கு ஒரு சின்னத் துண்டு வாங்கி வந்து தலைமாட்டில் வைத்திருந்தார். பதிக்கும் கூலியோடு ஒன்றே முக்கால் லட்சம். பழைய மொசைக்கை உடைக்க வேண்டியதில்லை, அதன் மேலேயே ஒட்டிவிடலாம் என்றார் கான்ட்ராக்டர். அப்படி ஒட்டினால் தரை ஒன்றரை அங்குலம் உயரும். எல்லாக் கதவின் அடியையும் அறுக்க வேண்டும். மாடத்துக்குப் போகும் இடத்தில் ஒரு சின்னப் படி உருவாகும். எட்டு அங்குலப் படி கண்ணுக்குத் தெரியும், காலைத் தூக்குவோம். ஒன்றரை அங்குலப் படி 79 வயதுக் கண்ணுக்குத் தெரியாது. உடைத்து எடுத்தால் படி வராது. ஆனால் இடிபாட்டு மூட்டைகளை இரண்டு மாடி இறக்கவே தனிச் செலவு. அதற்குக் கையில் பணம் இல்லை. குளியலறை சாப்பிட்டிருந்தது.

கணவர் தீர்மானத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். காற்று தீர்மானித்தது. நவம்பர் 2 அன்று மாசு மோசமாகி, தில்லி வட்டாரத்தில் கட்டுமான வேலைகளுக்குத் தடை வந்தது. குழாய் வேலை, மின்சார வேலை, தச்சு வேலை செய்யலாம். இடிப்பது, கல் அறுப்பது, தரை மெருகு போடுவது போன்ற தூசி கிளப்பும் எதுவும் கூடாது. சமையலறை மேடை உடைக்கப்பட்டு, புதியது வராத நிலை. படுக்கையறையில் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே மின்சார அடுப்பு. ஹாலில் சிமென்ட் மூட்டைகள்.

மறுநாள் இரவு, நவம்பர் 3, பதினொன்றரை மணி வாக்கில் வீடு ஆடியது. நேபாளத்தின் ஜாஜர்கோட்டில் 150-க்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்ட பூகம்பம். தில்லி நன்றாகவே உணர்ந்தது. ஒயர் வேலை முடியாததால் ஹாலில் பல்பு வெறும் ஒயரில் தொங்கிக்கொண்டிருந்தது. அது இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் போய் வந்தது. அம்மாவைக் கைத்தாங்கலாகப் பிடித்து, சிமென்ட் மூட்டைகளைத் தாண்டி இறக்கினார்கள். காலனிப் பூங்காவில் பாதிப் பேர் போர்வையோடு நின்றிருந்தார்கள். மூன்றாம் மாடிப் பெண் தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மருமகளுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். பெரியவன் செருப்பில்லாமல் நின்றான். மருமகள் தன் சால்வையை அவனுக்குச் சுற்றிவிட்டார். சுவரைப் பற்றி அந்த வீட்டில் பிறகு யாரும் பேசவில்லை.

அந்த வார முடிவில் மருமகளே சொன்னார்: "மொசைக்கையே மெருகு போட்டுடலாங்க." முப்பத்தைந்தாயிரத்தில் முடிகிற வேலை. சொன்னது அவர் என்பதால் அது அவர் எடுத்த முடிவு என்று ஆகிவிடாது. தலைமாட்டு டைல்ஸ் துண்டு அன்றைக்கு அலமாரிக்குள் போயிற்று.

தடை நவம்பர் 28-ல் நீங்கியது. தீபாவளி மூட்டைகளுக்கு நடுவில் கடந்து போயிருந்தது. மெருகு மெஷின் வந்து நான்கு நாள் ஓடியபின், வருடக்கணக்கான அழுக்குக்கு அடியிலிருந்து மஞ்சள் சில்லு கிளம்பிற்று. உள்ளதைச் சொல்ல வேண்டும்: அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் விரிசல் விட்ட ஒரு மூலையில் புதுச் சில்லு போட்டு அடைத்தார்கள். எவ்வளவு தேடியும் அதே மஞ்சள் கிடைக்கவில்லை. அந்த ஒட்டு இன்னும் தனியாகத் தெரிகிறது.

வண்ணம் பூசிய கதையை நீட்ட வேண்டியதில்லை. வெள்ளையிலேயே பன்னிரண்டு வெள்ளை காட்டும் அட்டைகள், பகலில் ஒன்றாகவும் விளக்கில் வேறாகவும் தெரிந்த திட்டுகள், பெங்களூர் மகனின் ஆலோசனைகள் எல்லாம் எல்லார் வீட்டிலும் நடப்பவைதான். கூரைக்குக் கீழே பொய்க்கூரை போடும் யோசனை மின்விசிறியின் இறக்கை தலையில் இடிக்கும் என்று தெரிந்ததும் செத்தது. ஒன்று மட்டும் குறிப்பிடலாம். இடிக்க முடியாத அந்தச் சுவருக்கு மருமகள் கருநீலம் பூசச் சொன்னார். மாமனாரின் படம் அந்தச் சுவரில்தான் மாட்டியிருந்தது. துக்கமாக இருக்குமே என்று கணவர் இழுத்தார். அம்மா பார்த்துவிட்டு, "மாலை எடுப்பா தெரியுது" என்றார். அவ்வளவுதான்.

மிச்சம் இருந்தது சமையல் மேடை.

கடைசி நாள்வரை அதன் உயரத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. கிரானைட் வந்துவிட்டது, தொட்டியின் ஆழம், அலமாரிக் கதவின் நிறம் எல்லாம் பேசியாயிற்று. மேடை உயரத்துக்கு ஒரு கைக்கணக்கு உண்டு: நிற்பவரின் முழங்கைக்கு நாலைந்து அங்குலம் கீழே இருக்க வேண்டும். அந்தக் கணக்குப்படி மாமியாருக்கு முப்பது சரி. மருமகளுக்கு முப்பத்து நான்காவது வேண்டும். மாவுக்கட்டுப் பிரித்த மறுநாளே அம்மா அடுப்படிக்குத் திரும்பியிருந்தார். காலைக் காபியும் இரவு ரசமும் அவர் பொறுப்பு. தான் இன்னும் ஓர் ஆள் என்பதற்கு அவரிடம் இருந்த அத்தாட்சி அந்த இரண்டும்தான். முப்பத்து நான்கு அங்குல மேடை, அதற்கு மேல் ஓர் ஐந்து அங்குல அடுப்பு, அதற்கு மேல் பாத்திரம். அம்மாவின் கண் மட்டத்துக்குக் கொதி வந்துவிடும்.

முதல் நாள் இரவு கணவர் ஒரு சமரசம் சொன்னார். முப்பத்திரண்டு.

"முப்பத்திரண்டுன்னா அவங்களுக்கும் எட்டாது, எனக்கும் வலி போகாது" என்றார் மருமகள். சற்று நேரம் கழித்து, குரலை இறக்கி: "இருபத்தஞ்சு வருஷம் குனிஞ்சாச்சு. ஆனா அவங்க கையிலேருந்து கரண்டியைப் பிடுங்கினவன்னு பேர் எனக்கு வேண்டாம். முப்பதே இருக்கட்டும்." கணவர் பதில் சொல்லவில்லை. கணவர்கள் இந்த இடத்தில் பதில் சொல்லாமல் இருப்பதைப் பெருந்தன்மை என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

காலையில் ராஜஸ்தான்காரர் நாடாவை இழுத்து, "கித்னா ஊஞ்சா?" என்று கேட்டார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கான்ட்ராக்டர், இப்போது எல்லோரும் முப்பத்து மூன்று வைக்கிறார்கள் என்றார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து வந்தார். மருமகளின் முழங்கையைப் பிடித்து மடக்கி, அதற்குக் கீழே தன் உள்ளங்கையைக் குறுக்கே வைத்துக் காட்டினார்.

"இஸ்கே ஹிஸாப் ஸே." இவள் கணக்குக்கு.

"வேண்டாம் அத்தை, உங்களுக்கு எட்டாது."

"எட்டாட்டி எட்டாமப் போவுது. அவர் என்னை நிக்க வச்சு அளந்தாரு. உன்னை யாரு அளந்தா?"

முப்பத்து நான்கு என்று ராஜஸ்தான்காரர் சுவரில் கோடு இழுத்தார். இருபத்தைந்து வருடம் கேட்கத் துணியாதது கேட்காமலே கிடைத்துவிட்டது. மருமகள் அன்று பள்ளிக்குத் தாமதமாகப் போய், இரண்டு வகுப்பை ஏனோதானோவென்று எடுத்தார்.

சாயங்காலம் திரும்பும்போது அவரிடம் ஒரு யோசனை இருந்தது. அறுத்து மிஞ்சிய கிரானைட்டில் இரண்டரை அடித் துண்டு ஒன்று கிடந்தது. அதை ஜன்னலோரம் இருபத்தாறு அங்குல உயரத்தில் பதித்து, நாற்காலியில் உட்கார்ந்தபடி அம்மா காபி போட மின்சார அடுப்பு வைத்துக் கொடுப்பது. பூசி முடித்த சுவரை மறுபடி கொத்திப் பிளக் பாயின்ட் எடுக்க வேண்டியிருந்தது. கணவர் பெருமூச்சு விட்டார். எலெக்ட்ரீஷியன் இரண்டாயிரம் கேட்டார்.

அம்மா தாழ்ந்த மேடையைச் சுற்றி வந்து பார்த்தார். "எனக்கு எதுக்குத் தனி அடுப்பு? நான் என்ன தனிக்குடித்தனமா போறேன்?"

போதாக்குறைக்கு, அவருடைய ஈயச் சொம்பு அந்த அடுப்பில் சூடாகாது. இரும்புக் கலப்புள்ள பாத்திரத்தை மட்டுமே அது ஏற்கும். ஈயச் சொம்பு இல்லாமல் வைப்பது அவர் கணக்கில் ரசம் ஆகாது. ஆகவே ஜன்னலோர மேடையில் அவர் கீரை ஆய்கிறார், பேப்பர் படிக்கிறார், வெயில் காய்கிறார். காபி மட்டும் எப்போதாவது. அடுப்புப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

2024 பிப்ரவரியில் ஒரு நாள் பள்ளி அரை நேரத்தோடு விட்டது. மருமகள் வீட்டுக்கு வந்தபோது பெருங்காய வாசனை அடித்தது. பூஜை அலமாரிக்கு அடியில் இருந்த பழைய மணை, சமையலறையில் உயர்ந்த மேடைக்கு முன்னால் கிடந்தது. அதன் மேல் அம்மா ஏறி நின்று, ஒரு கையால் கிரானைட் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சொம்பை இறக்கிக்கொண்டிருந்தார். புது மெருகு போட்ட மொசைக்கில் மணை லேசாக ஆடியது.

மருமகள் கத்தினார். நன்றாகவே கத்தினார். அம்மா சொம்பைக் கீழே வைத்துவிட்டு இறங்கி, ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார். இரண்டு நாள் பேச்சு இல்லை. வீட்டில் ரசமும் இல்லை.

மூன்றாம் நாள் மருமகள் பரணில் ஏறி, மிஞ்சிப் போன மூன்றாவது கைப்பிடிக் கம்பியை எடுத்தார். கெந்திராபாரா பிளம்பருக்குப் போன் போட்டார். அவர் குளியலறைக்குத்தான் என்று நினைத்து நேரே அங்கே போனார். சமையலறை என்று சொன்னதும், "ரசோயியிலா?" என்று இரண்டு தடவை கேட்டார். மணையின் அடியில் சைக்கிள் டியூபை வெட்டி ஆணியடித்திருந்தது. ஆடாமல் நின்றது. மருமகள் அம்மாவைக் கூப்பிட்டு அதன் மேல் ஏறச் சொன்னார். கை எங்கே போகிறது என்று பார்த்து, அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் பென்சிலால் குறித்தார். அலமாரியிலிருந்த வெள்ளை டைல்ஸ் துண்டு வெளியே வந்து, சொம்பை இறக்கி வைக்க அடுப்பின் அருகே கிடக்கிறது.